ஐம்பதாம் நம்பர் ஆயிலும் வெள்ளிமலை ஏற்றமும்

முதல் நாள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நான் இறங்கியபோது காலை பத்தரை. அதன் பிறகு ஒரு பஸ்ஸும் வரவில்லை, போகவும் இல்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் எந்தச் சாலையில் எப்போது புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்ப்பார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. அன்று இரண்டு இடங்களில் சாய்த்துவிட்டார்கள். லாட்ஜில் அறை எடுத்தேன். நாள் வாடகை பன்னிரண்டு ரூபாய், ஜன்னல் கிடையாது. பத்தொன்பது வருஷமாக ஊர் ஊராக இன்ஜின் ஆயில் விற்கிறவன் நான். ஜன்னல் இல்லாத அறை எனக்குப் புதிது இல்லை. பையில் இரண்டு சட்டை, மாதிரிக்குக் கொண்டுவந்த ஒரு லிட்டர் டின்கள் ஆறு. ஆறும் நாற்பதாம் நம்பர்.

பன்னிரண்டு மணிக்கு, பொழுது போகாமல், லாரி சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனேன். பத்து வருஷப் பழக்கம். அங்கே வாசலில் ஒரு பழைய லாரி நின்றது. ராணுவ ஏலத்தில் எடுத்தது, பெட்ரோலில் ஓடுவது. இந்தக் காலத்தில் பெட்ரோல் லாரியைப் பார்ப்பதே அபூர்வம். அதை ஓட்டுகிறவர், உடையவர் இரண்டும் ஏழுமலைதான். நாற்பது வயது, ஒடிசலான ஆள். ஐம்பதாம் நம்பர் ஆயில் ஐந்து லிட்டர் கேன் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "பெட்ரோல் இன்ஜினுக்கு ஐம்பதா? நம்பர் ஏற ஏற ஆயில் கெட்டியாகிக்கொண்டே போகும். மலைக் குளிரில் காலையில் வெல்லப்பாகு மாதிரி நிற்கும். பேரிங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் உங்கள் இன்ஜின் வறண்டு தேயும். நாற்பது போடுங்கள்" என்றேன்.

"நாப்பதுதான் சார் ஊத்திக்கினு இருந்தேன். ஏத்தத்துல பிரஷர் முள்ளு படுத்துக்குது. ஆயில் பிரஷரே கெடையாது. இன்னா பண்றது?"

"அவரு சொன்னா கேளுப்பா, ஆயிலுக்குன்னே பொறந்த ஆளு" என்று பாய் சிரித்தார்.

ஏழுமலையின் அவசரம் வேறு. வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களில் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கியாகிவிட்டது. பிடுங்கிய மறுநாள் சாலை நின்றுபோனது. மண் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் ஒரு வாரம் தாங்கும், பிறகு கறுத்துவிடும், ஜவ்வரிசி ஆலையில் தொடமாட்டார்கள். நாலு லோடு கிழங்கு, ஒரு வருஷச் சோறு. மற்ற லாரிக்காரர்கள் மலைக்கு வர மறுத்துவிட்டார்கள். இவர் ஒருவர்தான் ஓட்டுகிறார். இன்ஜின் போனால் கிழங்கும் போச்சு, இவர் பிழைப்பும் போச்சு.

"நானே வருகிறேன். என் நாற்பதை ஊற்றுங்கள், முள் எப்படிப் படுக்கிறது என்று பார்த்துவிடலாம்" என்றேன். வீம்புதான். அறைக்குத் திரும்பிப்போக மனமில்லை என்பதும் உண்மை.

அறையைக் காலி செய்து பையோடு வந்து, என் டின்களை வண்டிக்கு ஊற்றி முடித்தபோது பிற்பகல் இரண்டு மணி. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலை ஏறினோம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் என்றார்கள். வண்டியில் தூரம் காட்டும் மீட்டர் எந்தக் காலத்திலோ நின்றுவிட்டது. ஏற்றத்தில் இன்ஜின் கடகடவென்று தட்டியது. டைமிங் சரியில்லை என்று பெரிய மனுஷன் தோரணையில் சொன்னேன். மண்ணெண்ணெய் வாடையும் வந்தது. பின்னால் கிடந்த காலி டின்களின் வாடை என்று நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது வருஷ அனுபவம்! முள் மட்டும் நிமிர்ந்தே நின்றது.

"பார்த்தீர்களா?" என்றேன்.

"பார்த்துக்கினுதான் சார் இருக்கேன்" என்றார் ஏழுமலை. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

இரண்டாம் நாள் முழுவதும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர் ஊராகப் போய்க் கிழங்கு ஏற்றினோம். சாமைத் தாள் வேய்ந்த வீடுகள், செம்மண் பாதை, நல்ல காற்று. மத்தியானத்துக்கு மேல் முள் மெல்லச் சரிய ஆரம்பித்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஏழு மணிக்கு, நாங்கள் தங்கிய ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. சீக்கிரம் தூங்குகிற ஜனங்கள் போலிருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். சாப்பிடும்போது ஏழுமலை, "சார் வூட்ல எத்தினி பேரு?" என்றார். "நான் ஒருத்தன்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. என் இலையில் இன்னொரு கரண்டி சாமைச் சோறு வைத்தார்.

மூன்றாம் நாள், காலை ஆறரை. நல்ல குளிர். கிழங்கு ஏற்றின வண்டியைக் கிளப்பும் முன் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் ஏறியிருந்தது.

"நம்ம வண்டி ஆயிலே குடிக்காது சார்" என்றார் ஏழுமலை, பெருமையாகச் சொல்லப் பார்த்து.

ஆயில் குறையாமல் இருக்கலாம். ஏற எப்படி ஏறும்? விரலில் தொட்டுத் தேய்த்தேன். தண்ணீராக ஓடியது. மோந்தேன். மண்ணெண்ணெய்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதும் நினைவில்லை. "பெட்ரோலில் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டினால் எரியாத மிச்சமெல்லாம் ஆயிலில்தானே இறங்கும்! நாற்பது என்ன, எதை ஊற்றினாலும் தண்ணியாகத்தான் போகும்! எந்தப் பாவி கொடுத்த யோசனை?" என்று கத்தியது நினைவிருக்கிறது.

ஏழுமலை தலை குனிந்து நின்றார். பதில் சொன்னது கிழங்குக்காரி சின்னப்பொண்ணு. முந்தின நாள் எங்களோடு சேர்ந்து மூட்டை தூக்கியவள்.

"அவர ஏன்யா திட்ற? பங்க்குல பெட்ரோலு இல்லன்னாரு. ரேசன்ல வாங்கின வெளக்கு எண்ணெய நாங்கதான் வூட்டுக்கு ரெண்டு பாட்டிலு ஊத்திக் குடுத்தோம். இருட்டுல இருந்தா செத்தா பூடுவோம்? கெழங்கு அழுவுனாத்தான் சாவோம்."

 நோட்டில் எழுதியிருந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"சொன்னா வண்டியத் தொடமாட்டீங்கன்னு பயந்துக்கினேன் சார்" என்றார் ஏழுமலை. பிறகு தயங்கித் தயங்கி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கேனை எடுத்தார். ஐம்பதாம் நம்பர். நான் வேண்டாமென்று சொன்னதைப் பாயிடம் எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறார். "இதுக்கும் கோச்சுக்குவீங்க."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? யோசித்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் இறங்க இறங்க நாற்பது முப்பதுக்கும் கீழே போகும்; ஐம்பது போய் நாற்பதில் நிற்கும். இந்த வண்டிக்கு, இந்த வாரத்துக்கு, ஐம்பதுதான் சரி. பழைய ஆயிலை முழுதும் வடித்தோம். கேனை டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கினேன், அப்போதுதான் குளிரில் இறங்கும். ஒரு பாட்டில் சுத்தப் பெட்ரோல் மிச்சமிருந்தது, அதில் கிளப்பினோம். முள் சட்டென்று நிமிர்ந்தது. சின்னப்பொண்ணு கை தட்டினாள். நாற்பதாம் நம்பரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கீழே இறங்கிவிட்டோம். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் சாலையில் மரம் கிடந்தது, பக்கத்தில் போராட்டக்காரர்கள் பத்து இருபது பேர். ஏழுமலை இறங்கிப் போய்ப் பேசினார். ஒருவர் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். "கெழங்கு வண்டிப்பா, வழி வுடுங்க" என்று குரல் கொடுத்தார். கிளையை அவர்களே இழுத்து ஓரம் போட்டார்கள். ஒரு மணிக்குச் சின்னசேலம் பக்கத்து ஆலையில் கிழங்கு இறங்கியது. உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளையாக இருந்தது.

சின்னசேலத்தில் பஸ்கள் ஓடத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். ஏழுமலை என்னை அங்கே கொண்டுவந்து விட்டார். டீ வாங்கிக் கொடுத்தார், நாற்பது பைசா, என்னைக் கொடுக்கவிடவில்லை.

"இன்னும் மூணு நடை இருக்குது சார். இன்ஜின் தாங்குமா?"

"தினம் ஆயிலைத் தொட்டுப் பார்த்து, தண்ணியானால் அப்போதே வடித்து மாற்றினால் தாங்கும். நாள் கடத்தினால் பேரிங் போய்விடும்."

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியிற பதம் எனக்கு வராது சார். மூணு நாளு கூட இருங்களேன். ஏத்தத்துல பக்கத்துல ஒருத்தர் குந்திக்கினு இருந்தா ஒரு தெம்பு."

எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். இரு என்று என்னை யாரும் சொன்னதில்லை.  "ஆபீஸில் வேலை இருக்கிறது, ஏழுமலை" என்றேன். பொய். மூன்று நாள் தாமதமானால் சாலை மறியல் என்று ஒரு வரி எழுதினால் போதும். எனக்குப் பயம். மூன்று நாள் அவர்களோடு இருந்து பழகிவிட்டு, பிறகு தனியாக அறையில் படுப்பது எப்படி என்ற பயம். அவர் வற்புறுத்தவில்லை. "ஜாக்கிரதையா போங்க சார்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். சென்னை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே வந்தது.

சென்னையில் நான் இருப்பது ஒற்றை அறை. பூட்டைத் திறந்தேன், சட்டையைத் துவைத்துப் போட்டேன், மறுநாள் ஆபீஸ் போனேன். எந்த ஊருக்குப் போனாய், வழியில் என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை டின் விற்றது என்று கேட்டார்கள்.

இருபது நாள் கழித்து பாயிடமிருந்து கார்டு வந்தது. இரண்டு நடை நல்லபடியாக இறங்கியதாம். கடைசி நடைக்கு ஏறும்போது பாதி மலையில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பேரிங் உருகியிருந்தது. ஒரு லோடு கிழங்கு மேலேயே கறுத்துப்போனது. ஏழுமலை இப்போது மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கூலிக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறாராம். கார்டில் இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் பாய் எழுதியிருந்தார்: "கடைக்கு வந்தா ஏழுமலை உங்களைத்தான் கேக்குறார். சார் ஊருக்கு நல்லபடியா போய்ச் சேந்தாராமா, ஒரு தகவலும் இல்லியேன்னு."

போய்ச் சேர்ந்தேன் என்று இரண்டு வார்த்தை எழுத உட்கார்ந்து இன்றோடு நாலு நாளாகிறது.