ஐம்பத்து நாலு என்று ஒரு ஆசிட்

"பம்ப் போடலாமா அண்ணாச்சி? கப்பல்காரன் உசுர வாங்குதான்."

கரையில் ஆசிட் டேங்குக்குப் பொறுப்பாளரான முருகேசன் போனில் மறுபடியும் கேட்டார். கப்பலின் ஒரு டேங்கிலிருந்து எடுத்த பாஸ்பாரிக் ஆசிட் சாம்பிள் எங்கள் லேபில் இருந்தது. நாங்கள் ரிசல்ட் சொல்லாமல் வால்வைத் திறக்கக் கூடாது. சரக்கு ஆய்வு கெமிஸ்டான எனக்கு இந்த நச்சரிப்பு பழகிப்போனதுதான்.

லேபில் என் உதவியாளரான ஸ்டெல்லா, ஆசிட்டின் சதவீதம் காட்டும் மெஷினைப் பார்த்தாள். "அம்பத்தினாலு சார். சரக்கு ஏத்துன எடத்து சர்டிபிகேட்லயும் அம்பத்தினாலுதான்."

அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முருகேசனிடமும் சரி என்று சொல்லிவிட்டாள். அடுத்த கையெழுத்து என்னுடையது.

எங்கள் துறைமுகத்தில் அந்த ஆசிட்டுக்குப் பெயரே அம்பத்தினாலுதான். P₂O₅, அதாவது பாஸ்பரஸ் ஆக்சைடு கணக்கில் ஐம்பத்து நாலு சதவீதம் என்று அர்த்தம். அதே ஆசிட்டை H₃PO₄, அதாவது முழு பாஸ்பாரிக் ஆசிட் கணக்கில் சொன்னால் எழுபத்து நாலரை. எந்தக் கணக்கு என்று இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

பேனாவை எடுக்க சாம்பிள் பாட்டிலை நகர்த்தினேன். கை சுலபமாக மேலே வந்தது. நல்ல ஆசிட் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். இது அப்படிக் கனக்கவில்லை.

"ஸ்டெல்லா, மெஷின் எந்தக் கணக்குல நிக்குது?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "H₃PO₄ சார். நேத்து வேற பார்ட்டிக்காக மாத்துனது."

H₃PO₄ சதவீதத்தை 0.724ஆல் பெருக்கினால் P₂O₅ கிடைக்கும். எங்கள் ஐம்பத்து நாலு வெறும் முப்பத்தொன்பதாகிவிட்டது. சரக்கில் தண்ணீர் இருக்கிறது. கொஞ்சம் சாம்பிளில் நைட்ரிக் ஆசிட் விட்டு, சில்வர் நைட்ரேட் சொட்டினேன். பாலாக வெளுத்தது. உப்பு, அதாவது கடல் தண்ணீர்.

போனை எடுத்தேன். "ஏலே முருகேசா, தொறக்காத."

"சரின்னு அந்தப் பிள்ளதான சொல்லிச்சு? ஆளுவ வால்வுகிட்ட போயிட்டானுவ அண்ணாச்சி."

"அது சொன்ன கணக்கு வேற. இதுல கடத்தண்ணி கெடக்கு. ஒன் டேங்க்ல இருக்க நல்ல ஆசிட்டும் சேந்து நாசமாப் போவும். அந்தப் பிள்ள வேலையும் போவும்."

அவர் யாரையோ கூப்பிட்டுக் கத்துவதும் ஓடுவதும் கேட்டது. பிறகு காற்றின் இரைச்சல் மட்டும். ஸ்டெல்லா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் பயந்துதான் போயிருந்தேன்.

"மறிச்சாச்சு அண்ணாச்சி. ஒரு சொட்டு உள்ள போவல."

ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். "அழுகைய அப்புறம் வச்சுக்க. மொதல்ல அடர்த்தி எடு" என்று அதட்டினேன். அதுவும் குறைவாகவே வந்தது. கப்பலில் தேடியபோது, கப்பல் சாயாமலிருக்கக் கடல் தண்ணீர் நிரப்பி வைக்கும் பக்கத்து பேலஸ்ட் டேங்கின் சுவரில் கசிவு இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தப்பான எண் வந்தால் தானாகவே திரும்பிப் பார்ப்பீர்கள். எதிர்பார்த்த எண் வரும்போதுதான் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள்.

ஸ்டெல்லாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. முருகேசனின் நச்சரிப்பு மட்டும் மாறவில்லை. போன வாரமும் போன் செய்தார். "அம்பத்தினாலுதானம்மா?"

"அம்பத்தினாலு, P₂O₅. பாட்டிலயும் தூக்கிப் பாத்தாச்சு. தொறங்க" என்றாள் ஸ்டெல்லா.