இளவரசியின் நண்டு

வில்லியனூரில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் எலிசா டிசைனராக இருந்தாள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவள் கை பட்டால் முகங்கள் பளிச்சென்று வரும். ஒரு நாள் கடலோர ஊரான பனித்திட்டிலிருந்து அரிகரன் வந்து எதிரே உட்கார்ந்தான். அவளோடு பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் படித்த இளவரசியின் அண்ணன்.

"இன்னாம்மா எலிசா, இங்கதான் வேலையா? நல்லதாப் போச்சு. தங்கச்சி ஒரு கேம் வுட்டிருக்கா, பாத்தியா? ஊர்ல எல்லார் போன்லயும் அதான். பேனர் வைக்கப் போறோம். பனித்திட்டின் பெருமைன்னு பெருசா போடு."

அவன் நீட்டிய போனில் இளவரசி சிரித்தாள். பக்கத்தில் கட்டம் கட்டமாக, பழைய டிவி கேம்களில் வருவதுபோல, உருண்டையாக ஒரு சிவப்பு நண்டு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எலிசாவுக்கு வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போலிருந்தது. கேமில் ஒரு பொம்மை தரையை விட்டு எப்படி எழும்ப வேண்டும், காற்றில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி விழ வேண்டும் என்று இளவரசிக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

நண்டைப் பெரிதாகவும் இளவரசியைச் சின்னதாகவும் வைத்துக் காட்டினாள். "தங்கச்சி மொகத்தப் பெருசாக்கும்மா" என்றான் அரிகரன். ஆக்கினாள். "இன்னும் கொஞ்சம்" என்றான். ஆக்கினாள். பெயருக்குப் பின்னால் நட்சத்திரம் மின்ன வேண்டுமென்றான். அதையும் போட்டாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எலிசாவும் ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். 'இரும்புக் கோட்டை' என்று பெயர். இருட்டு, முள், சுழலும் வாள். ஒரு அடி பிசகினால் முதலிலிருந்து வர வேண்டும். அவள் கணவன் டேவிட் ராஜ் மட்டும்தான் அதை ஆடியவன். அவனும் முதல் சுவரைத் தாண்டாமலே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "கம்பெனில ஷிப்டு முழுக்க சாவறேன் எலிசா. வூட்டுக்கு வந்தும் சாவணுமா?"

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது டேவிட் ராஜ் கட்டிலில் படுத்தபடி கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டிருந்தான். போனில் நண்டு.

"எலிசா, இங்க வாயேன். தண்ணில வுழுந்தா அலை வந்து தூக்கி மேல வுடுது பாரு!"

"சாவே இல்லன்னா அது இன்னா கேமு?"

"ஜாலியா கீதே."

அவன் குளிக்கப் போனதும் போனை எடுத்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் எடுத்தாள். நண்டு பக்கவாட்டில் ஓடியது, தாவும்போது டொப்பென்று சின்னச் சத்தம் எழுப்பியது, சிப்பியை எடுத்தால் இரண்டு கொடுக்கையும் தூக்கி ஆடியது. பாறை, கட்டுமரம், காயும் வலை என்று ஒவ்வொன்றின் மேலும் விரல் தானாகத் தாவிப் போயிற்று. தான் சிரித்துவிட்டதை உணர்ந்ததும் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

குறைகளும் இருந்தன. சாதம் வேகும் முன்பே கேம் முடிந்துவிட்டது. நான்காவது கட்டமும் முதல் கட்டமும் ஒன்றுதான், வானத்தின் நிறத்தை மட்டும் இளவரசி மாற்றியிருந்தாள். கடைசியில் வரும் பெரிய சுறா, தலையில் நாலு குதி குதித்தால் செத்துப் போகிறது. ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக் காதைக் குடைந்தது. ஒவ்வொரு குறை தட்டுப்படும்போதும் எலிசாவுக்கு மோர் குடித்த மாதிரி உள்ளே குளிர்ந்தது. கேமின் விமர்சனப் பகுதியில் வேறு பெயரில் புகுந்து ரெண்டு ஸ்டார் போட்டு, ஒன்று விடாமல் எழுதினாள். 'அழகு இருக்கிறது, பயமே இல்லை. விழுந்தால் வலிக்காத இடத்தில் தாவுவதில் என்ன பெருமை?' என்று முடித்தாள்.

மறுநாள் இளவரசி போன் செய்தாள்.

"அத எழுதினது நீதானடி?"

எலிசா போனோடு கடைக்கு வெளியே வந்தாள்.

"எல்லாரும் க்யூட்டு க்யூட்டுன்னு எழுதறாங்க. ஒருத்தி மட்டும் ஒழுங்கா ஆடிப் பாத்து எழுதியிருக்கா. படிச்சதும் நீன்னு தெரிஞ்சிபோச்சு. கஷ்டமா ஒரு ஸ்டேஜ் எனக்கு வரவே மாட்டேங்குதுடி. நீ ஒண்ணு பண்ணிக் குடேன்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கோபப்படக்கூட இடம் கொடுக்காமல் பேசுகிறாளே என்று எலிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றுதான் சொல்ல நினைத்தாள். "இன்னா மாதிரி வேணும்?" என்று வாயில் வந்துவிட்டது.

புயலில் ஆடும் படகுகள்மேல் நண்டு தாவிப் போகும் கட்டம் ஒன்றை அவள் செய்தாள். படகு எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துத் தாவ வேண்டும். தப்பினால் அலை தூக்காது. இளவரசியின் நண்டை இரக்கமில்லாமல் மூழ்கடித்ததில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. இரண்டு படகுகளுக்கு நடுவே ஒரு இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள் இளவரசி. எலிசா சண்டை போட்டாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு மயிரிழை குறைத்துக் கொடுத்தாள்.

அது வெளியான வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து டேவிட் ராஜோடு வண்டியில் பனித்திட்டுக்குப் போனாள். மீன் ஏலம் முடிந்த கரையில், படகு நிழலில் ஏழெட்டுப் பேர் ஒரே போனைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். "சாயுதுடா, சாயுது, இப்ப தாவு!" என்று கத்தல். நண்டு முழுகியது. "யார்றா இத செஞ்சது, பாவி!" என்று ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு, மறுபடியும் போனைப் பிடுங்கினான். எலிசா அதைப் பார்த்தபடி நின்றாள்.

இளவரசி வந்து அவள் தோளில் கை போட்டாள். முகம் தொங்கியிருந்தது.

"நான் ராப்பகலா செஞ்ச கட்டங்களப் பத்தி ஒருத்தனும் பேச மாட்றான்டி. உன் படகுதான் பேச்சு. எங்கண்ணன்கூட அதயே சொல்லினு கீறான். எனக்கு வயிறு எரியுது."

"நெஜமாவா?"

"சத்தியமா."

"எங்க, இன்னொரு தடவ சொல்லு."

இளவரசி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

இப்போது இருவரும் சேர்ந்து ஒரு புதுக் கேம் செய்கிறார்கள். பொம்மையும் சத்தமும் இளவரசி, பள்ளமும் முள்ளும் எலிசா. முதலில் யார் பெயரைப் போடுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.