கியர் சரிபார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சையில் கணக்கில் எண்பதுக்கு மேல் வாங்கினால் கியர் சைக்கிள் வாங்கித் தருவதாக மாமா சொன்னார். நான் எழுபத்திரண்டு வாங்கினேன். மாமா அதற்கும் வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு மதிப்பெண்ணைப் பெரிதுபடுத்தாத நல்ல மாமா என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கே இருக்கிற பெரிய கியர் பெட்டியைத் திறந்து, எந்தப் பல்லில் தேய்மானம் என்று பார்த்துவிட்டு இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆழ்வார்குறிச்சியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பா கேரளாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்ததால் மாதம் ஒருமுறைதான் வருவார். வீட்டில் அம்மா, அக்கா, நான் மூன்று பேர்தான்.

அந்த வருஷம் அக்காவுக்குச் சரியில்லாத வருஷம். கல்லூரியில் சேர்ந்த ஐந்தாவது மாதம், தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவள் அம்பாசமுத்திரம் சாலையில் சறுக்கி விழுந்து வலது முட்டியை உடைத்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் ஆபரேஷன் நடந்தது. எலும்பு கூடிவிட்டது, முட்டிதான் மடங்கவில்லை. வலித்தாலும் மடக்கி மடக்கிப் பழக்க வேண்டும், விட்டுவிட்டால் அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அக்கா ஒரு மாதம் பழகினாள். பிறகு நிறுத்திவிட்டாள். அப்பா வாங்கி அனுப்பிய, வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிளில் ஒரே ஒரு நாள் ஏறினாள். மறுநாளிலிருந்து அதில் துண்டும் பாவாடையும் காய்ந்தன. அம்மா கெஞ்சினாலும் அதட்டினாலும் "எனக்குத் தெரியும்மா" என்று ஒரே பதில்தான். கல்லூரிக்கு இனிப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டு, பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தாள்.

எனக்கும் அதில் வருத்தம் உண்டு. என்னை யாரும் கவனிக்கவில்லையே என்ற வருத்தம். ஆகவே கியர் சைக்கிள் எனக்கு வந்துசேர வேண்டிய நியாயம் என்றே பட்டது.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மாமா கூட்டிப்போனார். உள்ளே நுழைந்த உடனே நான் என் சைக்கிளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். நல்ல சிவப்பு. முன்னாலும் நடுவிலும் ஸ்பிரிங். கைப்பிடியைத் திருகினால் கியர் மாறும். மொத்தம் இருபத்தொரு கியர் என்று அதன் உடம்பிலேயே எழுதியிருந்தது. மாமா அதைத் தாண்டிப்போய்ச் சாம்பல் நிறத்தில் நின்ற ஒரு சைக்கிளின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். முன்னால் மட்டும் ஸ்பிரிங், எழுத்து ஒன்றும் இல்லை, எனக்குக் கொஞ்சம் உயரமும்கூட.

"மாமா, அதுல இருபத்தோரு கியர் இருக்கு. இதுல பதினாறுதான்."

"எண்ணிக்கையில என்னட்டி இருக்கு. பல்ல எண்ணு."

இரண்டு சைக்கிள்களின் பல்சக்கரங்களையும் என்னை எண்ண வைத்தார். எங்கே தொடங்கினேன் என்று மறந்துபோகாமல் இருக்க ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். சிவப்பில் பெடலோடு சேர்ந்த சக்கரங்களில் சிறியதற்கு இருபத்தெட்டுப் பல், பின்சக்கரத்தில் பெரியதற்கும் இருபத்தெட்டு. சாம்பலில் முன்னால் சிறியதற்கு இருபத்திரண்டு, பின்னால் பெரியதற்கு முப்பத்திநான்கு. சிவப்பில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும், சாம்பலில் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது என்று மாமா விளக்கினார். அப்படியென்றால் சிவப்புதானே நல்லது என்றேன். கணக்கில் எழுபத்திரண்டு வாங்கியவள் அல்லவா.

அத்தோடு விடவில்லை. கடைக்காரரிடம் சொல்லி இரண்டையும் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி தூக்கி வைத்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கியரை மாற்றினார். சிவப்பில் செயின் ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததுக்கு ஏறுவதற்குள் கடகடவென்று இரைந்தது, இரண்டுக்கும் நடுவில் நின்று யோசித்தது. சாம்பலில் 'டக்' என்று ஒரு சத்தம், ஏறிவிட்டது. பின்சக்கரத்தின் அச்சுக்குக் கீழே, செயினைத் தள்ளிக் கொடுக்கிற சிறு கை ஒன்று தொங்கும். அதை விரலால் பிடித்து அசைத்தார். சிவப்பில் தகரம்போல ஆடியது. மற்றதில் அசையவில்லை. செயினில் காதை வைத்துக் கேட்டார். திருகுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

மாமாவின் வேலை தெரிந்த கடைக்கார அண்ணாச்சி பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, சைக்கிள் வாங்க வந்தியளா, காத்தாடி ரிப்பேர் பாக்க வந்தியளா?" என்றார்.

"ரெண்டும் ஒரே சோலிதான் அண்ணாச்சி. செயினு எங்கன திணறுதுன்னு பாக்கணும்."

எனக்குக் கண் கலங்க ஆரம்பித்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். கடைக்குப் பக்கத்திலேயே ஆற்றுக்கு இறங்குகிற சாலை ஒன்று உண்டு. கீழே தாமிரபரணி வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், அங்கிருந்து மேலே ஏறி வரச் சொன்னார். சிவப்பில் முதலில் ஏறினேன். பாதி மேட்டில் தொடை எரிந்தது. கைப்பிடியைத் திருகினேன். செயின் கழன்று, பெடல் வெறுமனே சுற்றி என் கணுக்காலில் அடித்தது. அடுத்துச் சாம்பலில் ஏறினேன். மாமா சீட்டை அடிமட்டம்வரை இறக்கிக் கொடுத்திருந்தார். கால் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது, சைக்கிள் ஊர்ந்துகொண்டே இருந்தது. மேலே வந்துசேர்ந்தபோது எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

"நடந்து போனாக்கூட இத விட வேகமா போவலாம் மாமா."

"ஏறிட்டேல்லா? மேட்டுல வேகமா போயி என்ன செய்ய. காலு நோவாம ஏறணும், அதான் முக்கியம்."

"எனக்குக் காலு நோவலையே."

மாமா பில் போடுவதற்காக அண்ணாச்சியிடம் திரும்பிவிட்டார்.

தெரிந்தவர் ஒருவரின் லோடு ஆட்டோவில் சைக்கிள் ஊர் வந்து சேர்ந்தது. அக்கா சன்னல் வழியாகப் பார்த்து, "இது என்ன, இவளுக்கா? காலு எட்டாதே" என்றாள். "வளந்துருவா" என்றார் மாமா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது, பட்டறையில் பற்றவைத்த ஓர் இரும்பு ஸ்டாண்டையும் கொண்டுவந்தார். சைக்கிளைப் புறவாசலில் அதில் ஏற்றினால் பின்சக்கரம் தரையில் படாது. கியரைச் சரிபார்க்க வேண்டும், புதுச் சைக்கிளில் செயின் எங்கோ தட்டுகிறது என்றார். பிறகு அக்காவின் கதவைத் தட்டினார்.

"ஏட்டி, ஒரு அஞ்சு நிமிசம் வந்து மிதியேன். செயினு எங்கன தட்டுதுன்னு நான் காது வச்சுக் கேக்கணும்."

"அவள மிதிக்கச் சொல்லுங்க."

"அவ ஒரே ஓட்டமா மிதிக்கா, எனக்கு ஒண்ணுமே கேக்கல. பைய மிதிக்க ஆளு வேணும்."

நானும் பைய மிதிப்பேன் என்றேன். அம்மா உடனே கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினாள். வீட்டில் கொத்தமல்லி இருந்தது. நான் திரும்பி வந்தபோது அக்கா என் சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். சீட்டு நன்றாக உயர்த்தப்பட்டிருந்தது. உயரமாக இருந்தால்தான் செயின் நேராக இழுக்கும் என்று மாமா சொன்னதை நான் நம்பினேன்.

அக்காவால் பெடலை முழுச்சுற்றுச் சுற்ற முடியவில்லை. முட்டி மடங்குகிற அளவு முன்னால் தள்ளுவாள், பின்னால் இழுப்பாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமா அவள் காலைப் பார்க்கவே இல்லை. பின்சக்கரத்தின் பக்கத்தில் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "ம், இன்னொரு தடவ. இன்னும் தட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் அதேதான் நடந்தது. ஐந்து நிமிஷம் பத்தாகி, அரைமணி ஆனது. நாலாவது ஞாயிறு பெடல் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது. பின்சக்கரம் காற்றில் சுழல ஆரம்பித்தது. அக்கா நிறுத்தினாள். மறுபடியும் மிதித்துப் பார்த்தாள். மறுபடியும் சுற்றியது. அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மா அப்படியே நின்றாள். மாமா, "இப்பத்தான் சத்தம் சரியா வருது" என்று மட்டும் சொன்னார். கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதால் கன்னமெல்லாம் கறுப்பாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் என் கஷ்டம் எனக்கு. திங்கட்கிழமை சீட்டை இறக்கிப் பள்ளிக்கு எடுத்துப்போனால் கியர் அருமையாக இருக்கும். ஞாயிறு வந்தால் கெட்டுப்போயிருக்கும். இவ்வளவு பார்த்து வாங்கியும் இப்படியா என்று சிவப்பை நினைத்து ஏங்கினேன். ஆறாவது ஞாயிறு உண்மையைக் கண்டுபிடித்தேன். மாமா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து, யாரும் இல்லாத புறவாசலில், கேபிள் நுழைகிற இடத்தில் இருக்கும் சிறு திருகை அரைச் சுற்றுத் திருப்பிக்கொண்டிருந்தார். குளியலறைச் சுவருக்குப் பின்னாலிருந்து நான் பார்த்துவிட்டேன்.

அக்காவும் அம்மாவும் வந்து நின்றதும் உரக்கச் சொன்னேன். "சைக்கிள் ஒண்ணும் கெடல. மாமாதான் கெடுக்காரு. நான் என் கண்ணால பாத்தேன். வாராவாரம் திருகத் திருப்பி வச்சிட்டு, தட்டுது தட்டுதுன்னு சொல்லுதாரு."

மாமா கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆள் அப்படித் தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை. அம்மாவின் முகம் வெளிறிப்போனது. எனக்கோ குற்றவாளியைப் பிடித்துவிட்ட பெருமை. இனி அக்கா சத்தம் போடுவாள், மாமாவுக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

அக்கா பைய நடந்துபோய்ச் சைக்கிளில் ஏறினாள். நீட்டியபடி இருந்த காலை மடக்கிப் பெடலில் வைத்தாள்.

"கெட்டது கெட்டுப்போச்சு. நான் மிதிக்கேன், நீங்க சத்தத்தப் பாருங்க மாமா" என்றாள்.

மாமா சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிள் என்னுடையது, கெடுத்தது அவர், கண்டுபிடித்தது நான். ஆனாலும் எனக்காகக் கேட்க அந்த வீட்டில் ஆளே இல்லை என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு, ஸ்டாண்டில் சரியாக இருக்கிறது, மேட்டில் எப்படி என்று தெரியவில்லையே என்றார் மாமா. அக்கா சைக்கிளைச் சாலைக்கு எடுத்தாள். சிவசைலம் போகிற சாலையில் கடனா அணைப் பக்கம் ஒரு மேடு உண்டு. இருபத்திரண்டும் முப்பத்திநான்கும் சேர்ந்த அந்தக் கியரில் அவள் ஊர்ந்து ஏற, நானும் மாமாவும் இரண்டு பக்கமும் நடந்தே போனோம். பல இடங்களில் நாங்கள் அவளுக்காக நிற்க வேண்டியிருந்தது. மேலே போய்ச் சேர்ந்து, ஒரு காலை ஊன்றி, எதிரே தெரிந்த மலையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள். அடுத்த ஜூனில் பஸ் படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறிக் கல்லூரிக்குப் போனாள். சைக்கிள் நிஜமாகவே என்னிடம் வந்தது. அதற்குள் எனக்குக் காலும் எட்டிவிட்டது. பள்ளிப் படிப்பு முடிகிறவரை ஓட்டினேன். ஒரு நாள்கூடச் செயின் கழன்றதில்லை.

அக்கா இப்போது ஓர் ஆசிரியை. அவளுடைய வகுப்பு இரண்டாவது மாடியில். போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது இந்தக் கதையை நான்தான் எடுத்தேன். உன்னை ஏமாற்றி மிதிக்க வைத்தார்களே, எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"மொத ஞாயித்துக்கெழமையே தெரியும்" என்றாள். "காலுக்காக மிதின்னு சொன்னா எனக்கு அழுகை வந்துரும். சைக்கிளுக்காகன்னு சொன்னாரு. சரி, சைக்கிளுக்காக மிதிப்போம்னு தோணுச்சு." பிறகு கொஞ்சம் தயங்கி, "மாமா மறந்துருவாரோன்னு சில சனிக்கெழம சாயங்காலம் நானும் அந்தத் திருகத் திருப்பி வச்சிருக்கேன்" என்றாள்.

மாமா இலையிலிருந்து நிமிர்ந்தார். "அதான பாத்தேன். நான் அரைச் சுத்துதான திருப்புனேன், இது எப்படி ஒரு சுத்து போச்சுன்னு எத்தன நாளு மண்டைய ஒடச்சிருக்கேன்."

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். எனக்கு மாமாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்ததால் அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதையும் குடித்தார்.

நான் மாடிப்படியில் அழுதுகொண்டிருந்த அந்த ஞாயிறு, என்னிடம் யாருக்கும் கோபம் இல்லை. புறவாசலில் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது, அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அவர்கள் மூன்று பேராலும் பேச முடியவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை.