குழாயடி மெம்பர்

அந்தத் திங்கட்கிழமை காலை, செஞ்சி பஞ்சாயத்து ஆபீசில் நான் ஜன்னலைத் திறந்தபோது வாசலில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மனு. எல்லாம் ஒரே கையெழுத்து; விஷயம் மட்டும் வேறு வேறு. ஒருத்திக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள், குளம் வரை நடக்க முடியவில்லை. இன்னொருத்தி வீட்டில் கண் தெரியாத மாமியார். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ராஜகிரி மலைக்குப் போகிற வழியிலுள்ள எங்கள் தெருவுக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அங்கே புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. அதே தெருவில் வாடகைக்குக் குடியிருந்தேன்.

மனுக்களை எழுதியவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். முப்பது வயதிருக்கும். "எல்லாரும் ஒரே தாள்ல கைநாட்டு வெச்சா அத்த மடிச்சு டிராயர்ல போட்டுடுவாங்க தம்பி. ஆளுக்கு ஒண்ணு குடுத்தா எங்க வெப்பாங்க?" என்றார் என்னிடம். ஆனால் அத்தனை பேரை வரவழைத்தது அவரல்ல. என் பக்கத்து வீட்டுப் பால்கார அக்கா. வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள்; யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆபீசர் எரிச்சலோடு, "ஒரு கொழாய்க்கு இத்தினி பேரா?" என்று கேட்டபோது அவள் நிதானமாகச் சொன்னாள்: "கொழா ஒண்ணுதான் சார். கொடம் தூக்கற இடுப்பு ஆளுக்கு ஒண்ணாச்சே." ஆபீசர் தலையைக் குனிந்துகொண்டு மனுக்களை வாங்க ஆரம்பித்தார்.

கோடைக்கு முன்பே குழாய் வந்தது. சில மாதங்களில் பஞ்சாயத்துத் தேர்தலும் வந்தது. சைக்கிள் கடைக்காரர் வெள்ளைச் சட்டை இரண்டு தைத்துக்கொண்டு வேட்புமனுத் தாக்கல் செய்ய வந்தார். முதல் நாளே எங்கள் வார்டுக்கு வேறொரு பெயர் பதிவாகியிருந்தது. குழாயடிப் பெண்கள் சேர்ந்து பால்கார அக்காவை நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வேட்புமனுப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். பெயரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. தன் மனுவைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தார். அவள் எருமையிடம் பால் கறந்துகொண்டிருந்தாள். எங்கள் இரு வீட்டுக்கும் இடையில் இருந்தது இடுப்பளவு மண்சுவர்தான். பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"அக்கா, நீ நின்னா நீதான் ஜெயிப்ப. அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு இந்தத் தெருவோட நின்னுக்க மனசில்ல. மேல போவணும். இத்த விட்டா எனக்கு வேற வழி கெடையாது."

அவள் கறப்பதை நிறுத்தவில்லை. "ஊருக்கு நல்லது செய்யத்தான் வரேன்னு சொல்லுவியோன்னு பாத்தேன். சொல்லியிருந்தா வாபஸ் வாங்கியிருக்கமாட்டேன். உள்ளத சொல்லிட்ட, வாங்கிக்கறேன். மாசம் ஒருக்கா கொழாயடிக்கு வந்து நில்லு. நாங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அது போதும்."

மறுநாள் வேட்பாளர் பட்டியலில் அவள் பெயரை அடித்தவனும் நான்தான். அவள் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. பால் ஊற்ற நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாள்.

அவர் ஜெயித்தார். ஒரு வருஷம் அவள் சொன்னபடி வந்தார். குடங்களுக்கு நடுவே நின்று, பெண்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், திட்டும் வாங்கினார். பிறகு கட்சியில் பெரிய ஆட்களின் பழக்கம் கிடைத்தது. குடும்பத்தோடு திண்டிவனத்துக்குப் போனார். மாதம் ஒருமுறை என்பது பொங்கலுக்கு ஒருமுறை என்றாகி, அதுவும் நின்றது. குழாயில் தண்ணீர் வராத ஒரு கோடையில் சொல்லி அனுப்பியும் அவர் வரவில்லை.

அடுத்த தேர்தலில் பால்கார அக்கா யாரையும் கேட்காமல் மனுப் போட்டாள். அவளை எதிர்த்துச் சைக்கிள் கடைக்காரரின் கட்சிக்காரர் ஒருவர் நின்றார். அந்த வேட்பாளருக்காக ஓட்டுக் கேட்கச் சைக்கிள் கடைக்காரரே மைக் கட்டிய ஜீப்பில் வந்தார். கடைத்தெரு முழுக்க அவர் குரல் அதிர்ந்தது. எங்கள் தெரு முனைக்கு வந்ததும் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். ஜீப் மெதுவாகத் தெருவைக் கடந்தது. பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பால்கார அக்காவும் பார்த்தாள். அவர் எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். வேட்பாளர் திகைத்துப்போய் அவரையே பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வார்டில் அவள் சுலபமாக ஜெயித்தாள்.

இருவரும் இன்று இல்லை. அன்று ஜீப்பில் அவர் பேசாமல் போனது நன்றியாலா, தோற்கப்போகிற தெருவில் குரலை வீணாக்க வேண்டாம் என்ற கணக்காலா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம் இருந்தது. அவருக்கு வயதான பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"ரெண்டுந்தான் தம்பி," என்றார். "ஆனா அந்த அக்காகிட்ட மட்டும் நான் பொய் சொன்னதில்ல. அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்."