டேங்கில் இருந்தது துரு

எங்கள் வீட்டுப் பூசை அலமாரியில், விபூதிக்கும் குங்குமத்துக்கும் பின்னால், ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடம் இருக்கிறது. உள்ளே சங்கரன்கோவில் புற்றுமண். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. பாம்பு, தேள் அண்டாது என்று வாசலில் தூவுவோம். உடம்புக்கு முடியவில்லை என்றால் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். ஆனால் இந்தச் சம்புடத்து மண்ணை நான் யாருக்கும் பூசியதில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்குப் பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியம். பஞ்சாலையில் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மனுசன் வீட்டில் தங்க மாட்டார். எந்த ஊர் மாட்டுத் தொழுவில், எந்த வைக்கோல் படப்புக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்து வண்டி கிடக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு திரிவார். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வண்டியின் சீட்டுக்கு அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். குஞ்சு பொரிக்கும்வரை பொறுத்திருந்து வண்டியைக் கொண்டுவந்தார். "கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கத் தெரியல, துருப்பிடிச்ச இரும்பை எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டத் தெரியுது" என்று நான் கத்தாத வாரம் இல்லை. சிரிப்பார், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில், குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புருசனை இழந்த பெண் இருக்கிற வீடு. வேற்று ஆண்பிள்ளை தனியாகப் போய் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? அந்த அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். தொழுவின் மூலையில், காய்ந்த பருத்தி மார்க் கட்டுகளுக்குப் பின்னால், பின்சக்கரம் நசுங்கி நின்றது வண்டி. சில வருசங்களுக்கு முன் திருவேங்கடம் ரோட்டில் நடுவழியில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்த லாரி மோதி அவள் புருசன் இறந்திருந்தார். குடித்துவிட்டு ஓட்டியதால்தான் செத்தார் என்று ஊரில் பேச்சு. அதை முதலில் கிளப்பியது அவருடைய தம்பி, அதாவது அந்த அக்காவின் கொழுந்தன்.

"அவுக வாயில ஒரு சொட்டு பட்டது கிடையாது" என்றாள் அக்கா. "வண்டிதான் நின்னுருக்கு. எதுக்கு நின்னுச்சுன்னு பார்த்துச் சொல்லிட்டு நீங்களே கொண்டு போங்க. எனக்குக் காசு வேண்டாம். அந்த ஒரு சொல்லு போதும்." பிறகு வண்டியைத் தொடாமல் தள்ளி நின்று, "மாசம் தவறாம கோயிலுக்குப் போயி இதுக்கும் புத்துமண்ணு வாங்கிட்டு வந்தேன். அம்மன் கண்ணு திறக்கல" என்று அழுதாள். வண்டி நெற்றியில், அதாவது முன் விளக்கில், பூசியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு பல ஞாயிறுகள் அந்தத் தொழுவில்தான் கழிந்தன. கொழுந்தன் கட்டிலைத் தூக்கிவந்து எதிரே போட்டு உட்கார்ந்துகொள்வார். "பழைய இரும்புக்குப் போடுத சாமானைப் போட்டு நோண்டுதீரே, வே! செத்தவன் எந்திரிச்சா வந்துருவான்?" என்பார். அறுவடைக்குள் வண்டி கிளம்பாவிட்டால் தொழுவைக் காலி செய்து இரும்புக்காரனிடம் தள்ளிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அக்கா கதவோரம் நின்று இவருடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவர் ஒரு ஸ்பேனரைக் கீழே வைத்தால்கூட, "தெரிஞ்சுதா?" என்பாள்.

இறுகிப்போன பிஸ்டன் இளகியது. சக்கரம் மாற்றியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டேங்கைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டு, குழாய் வழியாக இன்ஜினுக்கு விட்டார். உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று தொழுவே அதிர்ந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். இன்ஜின் நிற்காமல் ஓடியது. அப்படியென்றால் கோளாறு இன்ஜினில் இல்லை, டேங்கில்தான் என்றார் இவர். மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, டேங்கை ஒரு தட்டில் கவிழ்த்தார். கூழ் மாதிரி கட்டியாக மண் வந்து விழுந்தது.

இவர் முகம் மாறிவிட்டது. அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் கரிசல். இதுவோ சலித்த மாவு போல நைசான செம்மண். தானாக உள்ளே போயிருக்க வழியே இல்லை. "யாரோ வேணும்னே போட்டிருக்கான். பெட்ரோல் குறையவும் அடைச்சுக்கிட்டு நின்னுருக்கு" என்று என் காதோரம் சொன்னார். அவர் பார்வை கட்டிலின் பக்கம் போயிற்று. கொழுந்தன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் ஸ்பேனரோடு எழுந்தார்.

எனக்கு அந்த மண்ணைத் தெரியும். பிறந்த நாளிலிருந்து நெற்றியில் பூசிய மண். மனுசனுக்கு ஒரு சிட்டிகை வாயில் போடுவது போல, வண்டிக்கும் அதன் வாயில் போட்டிருக்கிறாள் பாவி மகள்! பாம்பு திரியும் வண்டிப்பாதையில் போய்வரும் புருசனுக்குக் காவலாக, மாசாமாசம். இவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். "கோயில் மண்ணு. அக்காதான்" என்றேன், உதடு அசையாமல். அவர் ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சுதா?" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. இவர் தட்டைக் காலால் வைக்கோலுக்குள் தள்ளினார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். "டேங்குல துரு, அக்கா. குழாயை அடைச்சிருக்கு. வண்டி தானாத்தான் நின்னுருக்கு. அண்ணாச்சி மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அக்கா அன்றைக்குத்தான் கொழுந்தனை நேருக்கு நேர் பார்த்தாள். "கேட்டீகளா?" என்றாள். "ஊர்ல போயி இதையும் சொல்லுங்க." கொழுந்தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டேங்கைப் பூட்டி, பெட்ரோல் ஊற்றி, கிளம்பத் தயாராக நின்றோம். அக்கா முகம் கழுவி, புற்றுமண் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு, பழகின கை, டேங்கின் மூடியைத் திருகத் தொடங்கியது. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்த வேகத்தில் அவள் விரல்கள் என் உள்ளங்கையில் அழுந்தின. "என்கிட்ட தாங்கக்கா, நான் வச்சுக்கிடுதேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த ஆடித் தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், குருவிகுளம் பஸ் கண்டக்டர் எங்கள் வாசலில் வந்து நின்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். "அந்த அக்கா கோயிலுக்கு வந்தாக. உங்ககிட்ட குடுக்கச் சொன்னாக. வீட்டுலயே வச்சுக்கிடணுமாம், வண்டியில மட்டும் போட்டுராதீகன்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொன்னாக" என்றவர் சிரித்தார். "மண்ணைக் கொண்டுபோயி யாரு வண்டியில போடுவா?" நான் பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கண்டக்டர் சொன்னதை இவரிடம் நான் சொல்லவே இல்லை. அந்த அக்காவைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுசன். போன மாதம் மதுரையிலிருந்து இளவட்டங்கள் சிலர் வண்டியைப் படம் எடுக்க வந்தார்கள். உங்களுக்குக் கிடைத்தபோது இதில் என்ன கோளாறு இருந்தது என்று கேட்டார்கள். நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பொட்டலத்து மண்ணும் இந்தச் சம்புடத்தில்தான் கலந்து கிடக்கிறது. "டேங்குல துரு, தம்பி. வேற ஒண்ணுமில்ல" என்று வாசலிலிருந்து இவர் சத்தமாகச் சொல்வது கேட்டது. நான் சம்புடத்தை மூடி, அதே இடத்தில் வைத்தேன்.