குனோங் ராபாட் மலையடியில் மூன்று விரல்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள், தோழிகளே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போன் வெளிச்சம் அவள் முகத்தில் படாமல் போர்வைக்குள் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையை ஒட்டிப் போகுமே, அந்தச் சாலை... அங்கே ஒரு கார் நம்மைக் கடந்து போன பிறகும் அதன் உறுமல் ஒரு மூச்சு நேரம் பாறையிலேயே தங்கி நிற்கும். காதில் மட்டும் இல்லை, நெஞ்சிலும் கேட்கும்.

நான் ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். எனக்கும் சேவியருக்கும் நிச்சயம் ஆகியிருந்த புதிது. அவர் கையில் இருந்தது அவருடைய அப்பாவின் பழைய செடான், குடும்பமே ஏறி சர்ச்சுக்குப் போகும் கார். அதற்குப் புது ஏர் இன்டேக் போட வேண்டும் என்று அவருக்கு ஒரு பைத்தியம். எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயும் ஃபில்டரும்தான் இன்டேக், அதை மாற்றினால் குரலே மாறிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

மெக்கானிக் பாலா அண்ணன் மூன்று விதம் எடுத்துக் காட்டினார். காரோடு வந்த பெட்டிக்குள்ளேயே பொருந்துவது ஒன்று. எஞ்சின் பக்கத்தில் காளான் மாதிரி திறந்து நிற்பது இன்னொன்று. மூன்றாவது நீளக் குழாய்... பம்பருக்குப் பின்னால் கீழே வரை இறங்கி, குளிர்ந்த காற்றாகத் தேடி இழுக்கும்.

"மூணையும் மாட்டி ஓட்டிப் பாரு தம்பி, புடிச்சத வச்சுக்க" என்றார்.

காருக்குள் உட்கார்ந்தால் சரியாகக் கேட்காதாம். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை மலையடி விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். செகண்ட் கியரில் ஒரு தடவை கடந்து போவார். அடுத்த லோரோங்கில், அந்தச் சந்தில் இருந்த பாலா அண்ணன் கடைக்குப் போய் வேறொன்றை மாட்டிக்கொண்டு மறுபடி வருவார். நான் கண்ணை மூடிக் கேட்டு, கடைசியில் எத்தனையாவது என்று விரல் காட்ட வேண்டும். வெயில் வேறு. சர்ச்சுக்குக் கட்டிப்போன புடவை முழுக்க வெள்ளைத் தூசு. ஒரு ஐஸ் கச்சாங் கூட வாங்கித் தரவில்லை அந்த மனுஷர்.

ஆனால் ஒரு ஆண், தன் கார் விஷயத்தில், என் காதை நம்பினார். அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

நான் மூன்று விரலைக் காட்டினேன்.

சில மாதம் கழித்து, பாகான் டத்தோவில் அவருடைய அத்தை வீட்டு விசேஷம். முன்சீட்டில் அவர் அப்பா, பின்னால் அவர் அம்மாவோடு நான். நல்ல மழை. செம்பனைத் தோட்டத்துச் சாலையில் தண்ணீர் முழங்காலுக்குக்கூட வராது. ஆனால் குழாயின் வாய் அதைவிடக் கீழே இருந்தது. எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு, அடிவயிற்றில் இடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

"எந்த மடையன்டா இத போடச் சொன்னான்?" என்று அவர் அப்பா கேட்டார்.

"நாந்தாம்பா. நானேதான் பாத்துப் போட்டேன்."

அன்று சாயந்தரம் அத்தை வீட்டு வாசலில், ஈரக் காலோடு நின்று சேவியர் என்னிடம் மட்டும் சொன்னார்: "உன் காது சரியாத்தான் இருக்கு. ரோடுதான் சரியில்ல லா."

விரல் காட்டியது நான் என்று இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்று கோலாலம்பூர் ஹாஸ்டலில் இருந்த அவர் தங்கை ரோஸ்லினுக்குக் கார் தண்ணீரில் நின்றதுகூடத் தெரியாது.

அந்த ரோஸ்லின் இப்போது ஈப்போவுக்கு வேலை மாறி வந்து எங்களோடுதான் இருக்கிறாள். நல்ல பெண். பாப்பாவைத் தூங்க வைக்க எனக்குத் தெரியாத பாட்டெல்லாம் பாடுவாள். அவளை ஒழுங்காக வெறுக்கக்கூட முடியவில்லை.

இப்போது இருக்கும் எங்கள் செடான், சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் ஏர்கோன் போட்டால் திணறுகிறது. அதனால் முதலில் இன்டேக், பிறகு டியூனிங்... லேப்டாப்பை மாட்டி எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அளவை எல்லாம் திருத்துவார்களாம். ஒரு வாரமாக அண்ணனும் தங்கையும் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு. எனக்குத் தெரியாத வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை. ஒரு தடவை வாயைத் திறந்தேன். ரோஸ்லின் பாசமாகத்தான் சொன்னாள்:

"அண்ணி, நீங்க பாப்பாவுக்கு ஊட்டுங்க. இத நாங்க பாத்துக்கிறோம்."

போன ஞாயிறு பூசை முடிந்து அதே மலையடி. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிழலில் நின்றேன். என் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் ரோஸ்லின்... கண்ணை மூடிக்கொண்டு.

மூன்று விரல் காட்டினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எரிந்தது. தண்ணீர் விஷயத்தை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் ஒரு தடவை தப்பாகக் காட்டட்டுமே என்று இருந்தது. வீட்டுக்கு வந்து பாப்பாவைக் கார் சீட்டிலிருந்து கழற்றும்போதுதான் உறைத்தது... கிறிஸ்மஸுக்கு பாகான் டத்தோ போகும்போது பின்னால் உட்காரப் போவது இவள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது ரோஸ்லின் கேட்டாள்: "அண்ணே, அப்பா கார்ல இதே மாதிரிதான போட்டிருந்தீங்க? அப்புறம் ஏன் கழட்டுனீங்க?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சும்மா லா... புடிக்கல" என்றார்.

பிறகு நான் தனியாகக் கேட்டதற்கு, இப்போது அந்தத் தோட்டத்து ரோட்டை உயர்த்திவிட்டார்கள், பயப்படாதே என்கிறார். எனக்கு அந்த ரோட்டின் மேல் நம்பிக்கை இல்லை.

தண்ணீர் விஷயத்தை ரோஸ்லினிடம் நானே சொல்லத்தான் போகிறேன். அவளுக்குத் தெரிந்தால் அந்தக் குழாயைப் போட விடமாட்டாள். ஆனால் அப்போது தூசுப் புடவையோடு, அந்தக் கம்பத்தடியில் அவர் வருவதற்காகக் காத்திருந்தது நான். இப்போது அந்த இடம் அவளுடையது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு விஷயம்தான்... தண்ணீர் கதையைச் சொன்னால், விரல் காட்டியது யார் என்ற அதையும் அவள் கையில் கொடுக்க வேண்டும்.

பொறாமையில் பேசுகிறேன் என்று தோன்றாமல் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை காலை அந்தக் குழாயை மாட்ட கார் பாலா அண்ணன் கடைக்குப் போகிறது. அதற்குள் யாராவது பதில் போடுங்கள்.