விலைச்சீட்டு சுரண்டிய சென்ட் பாட்டில்

என் நாத்தனாருக்கு அவள் மகன் துபாயிலிருந்து வந்தபோது ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். அதே தடவை அவன் மாமியாருக்கு ஒரு தங்கச் சங்கிலி கொண்டுவந்து கொடுத்தான். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இது தொண்ணூறுகளில் நடந்தது. நாங்கள் அப்போது மைசூரில் மண்டி மொஹல்லாவை ஒட்டின ஒரு சந்தில் குடியிருந்தோம். நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. குண்டலுபேட்டையில் இருந்தாள். புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போனபின் தையல் மிஷின் மிதித்து அந்த ஒரே பையனை ஆளாக்கினவள். என்னைவிட வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரியது. அன்றைக்குக் காலை முதல் பஸ்சுக்கே ஏறி வந்துவிட்டாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"அண்ணி, காப்பி அப்புறம் போடுங்க. முதல்ல இதை மோந்து பாருங்க."

என்னிடம் ஏன் கொண்டுவந்தாள் என்றால், நான் ஊதுபத்தி உருட்டிக் குடும்பம் நடத்தினவள். பலகையில் மாவை வைத்து, மூங்கில் குச்சியைச் சுழற்றி உள்ளங்கையால் ஒரே இழுப்பு. கை கறுத்தது கறுத்ததுதான், எந்த சோப்புக்கும் போகவில்லை. ஆனால் மூக்கு தேறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், இது மட்டிப்பால் பிசினும் சந்தனத்தூளும் போட்ட மசாலா பத்தி, இது வெறும் கரித்தூளில் எண்ணெய் தெளித்தது என்று. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கன்னடம் பேச மட்டும் வரும், தமிழைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். மூக்கில் மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்குச் சந்தனம் வாங்கினாலும் சரி, காப்பிப்பொடி வாங்கினாலும் சரி, முதலில் என் மூக்குக்கு வந்துதான் போகும்.

பெட்டிக்குள்ளே ஒரு பெட்டி. அதற்குள்ளே வெல்வெட்டுத் துணி. அதன்மேல் கருப்புக் கண்ணாடியில் ஒரு பாட்டில், அதற்கு மரத்தில் மூடி. தூக்கினால் அம்மிக் குழவி மாதிரி கனம். பெட்டியின் அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடம் நகத்தால் சுரண்டி வெள்ளையாகக் கிடந்தது.

எங்கள் தொழிலில் பத்தியைக் கொளுத்துவதற்கு முன்னால் பச்சையாக மோந்து பார்ப்போம். நல்ல சரக்கு என்றால் அப்போதே தெரிந்துவிடும். நான் அந்த வழக்கப்படியே மூடியைத் திறந்து பாட்டில் வாயை மோந்தேன். சுரீர் என்று ஸ்பிரிட்டு. அதற்குப் பின்னால் மிளகு, எலுமிச்சைத் தோல். அவ்வளவுதான்.

"ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது அம்மிணி. நூறு ரூபா பெறும். பாட்டில் கனமா இருக்கு, அதுக்கு ஒரு இருபது சேத்துக்க."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. நான் ஏதோ சென்ட்டைப் பற்றித்தான் சொன்னேன். அவளுக்கு அது சென்ட் இல்லை.

"நெனச்சேன். அதான் வெலையச் சுரண்டியிருக்கான். மாமியாருக்குன்னா சங்கிலி. பெத்தவளுக்கு இந்தத் தண்ணி. வெக்கப்பட்டுத்தான சுரண்டியிருக்கான்?"

"அவனையே கேக்கறதுதான?"

"கேட்டனே. 'எதுக்கும்மா அதெல்லாம், சும்மா போட்டுக்க'ன்னு பல்லைக் காட்டறான்."

அவள் மருமகளுக்கு அந்த வாரத்தில்தான் வளைகாப்பு வைத்திருந்தார்கள். மைசூரிலேயே, அக்ரஹாரம் பக்கத்தில் இருந்த பெண்ணின் தாய்வீட்டில் நடத்துவதாகப் பேச்சு. நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே முடிவாகச் சொன்னாள்.

"நான் வரலைங்க அண்ணி. அந்தம்மா சங்கிலிய மாராப்புக்கு வெளிய எடுத்துப் போட்டுட்டு வாசல்ல நிப்பா. வர்றவங்கெல்லாம் 'மாப்பிள்ளை குடுத்ததா'ம்பாங்க. அப்புறம் என் கழுத்தப் பாப்பாங்க. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிப்போடுங்க."

"மாமியார்க்காரி வளையல் போடாம வளைகாப்பா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். வாயிருக்கறவங்க பேசுவாங்க."

அந்தப் பெண்ணுக்கு அது முதல் பிள்ளை. அந்த வீட்டு வாசலில் இவள் கால் வைக்காமல் போனால், அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணம் கட்டுகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் முகம் மழித்துவிட்டு வந்தார். அவருக்கு இந்தச் சண்டையெல்லாம் காதில் விழாது. "வேண்டாம்னா எனக்குக் குடும்மா தங்கச்சி" என்று பாட்டிலை வாங்கி மோவாய்க்கு அடியில் இரண்டு அழுத்து அழுத்தினார். எரிகிறது என்று குதித்தார். பிறகு சாப்பிட்டார், நாற்காலியில் சாய்ந்தார், தூங்கிப் போனார்.

மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ சாம்பிராணி வாசம். யார் வீட்டில் இந்த நேரத்துக்குப் புகை போடுகிறார்கள் என்று சன்னலைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிறார்கள். சாமி மாடத்தைப் பார்த்தேன், நான் காலையில் ஏற்றின பத்தி எப்போதோ அணைந்திருந்தது. அது என் கையால் உருட்டினது, அதன் வாசம் எனக்குத் தெரியாதா? இது அது இல்லை. நல்ல வெள்ளைச் சாம்பிராணி. அதன் கூடவே ஈரமரத்தை வாளில் அறுக்கும்போது வருமே, அந்த வாசம். மோந்துகொண்டே கூடத்துக்கு வந்தேன். போகப் போகக் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் பார்த்தால் அது இவர் மோவாயிலிருந்து வருகிறது. வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டு, கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி மணக்கிறார் மனுஷன்.

"அம்மிணி, ஓடியா!"

அவளும் வந்து குனிந்து மோந்தாள். ஆளுக்கொரு பக்கம் நின்று நாங்கள் மோந்துகொண்டிருக்கும்போது அவர் கண் விழித்துவிட்டார். "என்னாச்சு எனக்கு?" என்று பயந்து கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நான் காலையில் தப்பாகச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் மோந்தபோது அதில் இருந்தது அதுதான். பத்தி நெருப்பு வைத்ததும் பேசும். இது உடம்புச் சூட்டில் மெதுவாகத்தான் பேசும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அவளை அன்றைக்கு ஊருக்கு விடவில்லை. சாயங்காலம் ஆளுக்கு ஒரு அழுத்து கையிலும் முந்தானையிலும் போட்டுக்கொண்டோம். மறுநாள் எழுந்து முந்தானையை மோந்தேன். மிளகு, எலுமிச்சை எல்லாம் போய்விட்டது. சாம்பிராணியும் கொஞ்சம் இறங்கி, மரம் மட்டும் நின்றது. சந்தனம் என்று சொல்ல முடியாது, சந்தனம் எனக்குத் தெரியும். அகில் கட்டையைத் தணலில் போட்டு அந்த அறையைப் பூட்டி, மறுநாள் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி.

"இப்ப என்ன பெறும் அண்ணி?" என்றாள்.

"இப்ப எனக்கே தெரியல. பாய் கடைக்குப் போவோம்."

மண்டி மொஹல்லாவில் ஒரு பாய் அத்தர்க் கடை வைத்திருந்தார். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். அவருக்கு என்னைத் தெரியும், நான் பத்தி உருட்டின கம்பெனிக்கு அவர் அத்தர் கொடுத்தவர். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வாங்க வாங்கவென்று கூப்பிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பஞ்சில் ஒரு அழுத்து அடித்தார். மோந்து பார்க்காமல் ஓரமாக வைத்துவிட்டு, என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினார். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை, என்னை இடித்துக்கொண்டே இருந்தாள். டீ வந்தது, குடித்தோம். அப்புறம்தான் அவர் பஞ்சை எடுத்து மூக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"அசல் அகில் எண்ணெய் இதுல சொட்டுதான் இருக்கும்மா. மிச்சம் எல்லாம் கைவேலை. ஆனா செஞ்சவன் பலே ஆளு." பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயிரத்து ஐந்நூறு தர்றேன். இப்பவே எடுத்துக்குங்க."

நாத்தனார் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "ஆயிரத்து ஐந்நூறா! தொறந்த பாட்டிலுக்கா?"

"அப்ப துபாய்ல கடையில என்ன வெலை பாய்?" என்று நான் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் வாங்கற வெலையச் சொன்னேன். விக்கற வெலை எனக்கும் அல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும்."

பாய் கல்லாவைத் திறக்கிறார். இவள் பாட்டிலை நீட்டுகிறாள். நேற்று வரைக்கும் அற்பம் என்று அழுதவள், இப்போது, "இந்தக் காசுக்கு மூட்டை அரிசி வாங்கிப் போடலாமே அண்ணி, பாழாப்போனவன், தண்ணியில போட்டானே" என்று அதற்கும் அழுகிறாள். நான் பாட்டிலைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கடையைவிட்டு இறங்கிவிட்டேன்.

வழியெல்லாம் எனக்கு அந்தக் கணக்குத்தான். அவ்வளவு விலைக்கு இது பெறுமா? ஒரு கட்டு மசாலா பத்தி சில்லறைக் காசுக்கு வரும், வீடு முழுக்க மணக்கும். இதில் மணப்பது ஒரு ஆள்தான். ஆனால் பத்தி, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் முடிந்துபோகும், சாம்பலைக் கூட்ட வேண்டும், புகைக்குக் கண் எரியும். இது ராத்திரி தாண்டி நிற்கிறது. நேரத்துக்கு நேரம் வேறு வேறாக வருகிறது, சலிக்கவில்லை. நான் தீர்த்துச் சொன்னேன், முக்கால் பங்கு விலை சென்ட்டுக்குத் தகும், மிச்சக் கால் பங்கு அந்த வெல்வெட்டுக்கும் மரமூடிக்கும் போனது என்று. இன்றைக்கும் என் தீர்ப்பு அதுதான்.

பஸ் ஸ்டாண்டில் அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். "இருந்தாலும் சங்கிலி சங்கிலிதான அண்ணி. ஆபத்துக்கு அடகு வெக்கலாம். இதை யாரு அடகு பிடிப்பா?"

"அந்தம்மா அந்தச் சங்கிலிய எத்தன நாளைக்குப் போடுவா சொல்லு. பேத்தி பொறந்தா பேத்தி கழுத்துக்குப் போயிரும். பேரன் பொறந்தா அவன் பொண்டாட்டி கழுத்துக்கு. உன் பையனே ஒரு முடைன்னா வந்து கேப்பான். இதை எவன் கேப்பான்? நீ போட்டா உன் உடம்போட சரி."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சன்னல் வழியாகக் கையை நீட்டிப் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "நான் வளைகாப்புக்கு வர்றேன். அந்த நீலப் பட்டு எங்கிட்ட இருக்கே, அதக் கட்டிக்கட்டுங்களா?" என்றாள்.

"கட்டிக்க. போய் அந்தம்மாகிட்ட வெலையச் சொல்லு."

"என்ன வெலைன்னு தெரியாம என்னத்தைச் சொல்ல?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

வளைகாப்பன்று அவள் நினைத்த மாதிரியேதான் நடந்தது. சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றாள், சங்கிலி வெளியேதான் கிடந்தது. நல்ல கனமான சங்கிலி, பொய் சொல்லக்கூடாது. வந்த பெண்கள் எல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நாத்தனார் நேராக உள்ளே போனாள். மருமகளுக்குச் சந்தனம் பூசினாள், கை நிறைய வளையல் அடுக்கினாள், நெற்றி வழித்துச் சொடுக்கினாள். அந்தப் பெண் இவள் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்டது.

சம்பந்தியம்மா பக்கத்தில் வந்தாள். "என்ன சம்பந்தி, வீட்ல சாம்பிராணி போட்டுட்டு நேரா வந்தீங்களா? கமகமன்னு இருக்கு."

"கைய நீட்டுங்க" என்றாள் நாத்தனார்.

நான் பார்க்கிறேன், அவள் கைப்பையிலிருந்து அந்தப் பாட்டில் வெளியே வருகிறது. சம்பந்தியம்மா மணிக்கட்டில் ஒரு அழுத்து. பக்கத்தில் நின்ற அவள் ஓர்ப்படிக்கு ஒரு அழுத்து. வாசலில் பன்னீர்ச் செம்பு அது பாட்டுக்குக் கிடக்க, பெண்கள் எல்லாம் சந்தனம் பூசின கையோடு இவள் முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். மருமகளும் ஆசையாகக் கையை நீட்டியது. "உனக்கு வேண்டாம் கண்ணு, வயித்தப் புரட்டும். பெத்துட்டு வா, வெச்சிருக்கேன்" என்றாள். மற்ற எல்லாருக்கும், என் ஒரு கைக்கும், அழுத்து, அழுத்து, அழுத்து. பாட்டில் குறைகிறது எனக்குத் தெரிகிறது. அழுத்துக்கு அழுத்து நான் பாய் சொன்ன விலையிலிருந்து கழித்துக்கொண்டே நிற்கிறேன்!

காப்பித் தட்டோடு அவள் மகன் உள்ளேயிருந்து வந்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மா! என்னம்மா பண்ற? அது என்ன வெலை தெரியுமா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. நாத்தனார் நிதானமாகப் பாட்டிலை மூடினாள்.

"தெரியாதே சாமி. நீதான் சுரண்டிப் போட்டியே. என்ன வெலை?"

அவன் மாமியாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை.

"நம்ம காசுல மூவாயிரத்துக்கு மேல வரும்மா. சொன்னா நீ பீரோவுல வெச்சுப் பூட்டிருவ. கடைசி வரைக்கும் போட மாட்ட. அதான் சுரண்டினேன்."

சம்பந்தியம்மா தன் மணிக்கட்டை மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொண்டுபோனார்கள். கூடம் முழுக்கப் பெண்கள் தங்கள் கையைத் தாங்களே மோந்துகொண்டு நின்றார்கள்.

நாத்தனாருக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. மகனை ஒரு பார்வை பார்த்தாள், திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்று தெரியாத பார்வை. பிறகு மூடியை மறுபடியும் திறந்து என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அந்தக் கையையும் நீட்டுங்க."